கோதை பாடிய வேனில்



வேனிலைப் பாடாத புலவர் அரியர். தென்றல், மாந்தளிர், குயில், வண்டு என்று ஒரு பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது. அதனை யாப்பில் அடைத்துவிட்டால் பாட்டு ஒன்று எழுந்துவிடும். ஆனால் எம். புதுப்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காட்டில் அந்தப் பட்டியலுக்கு வேலை குறைவு. இங்கே பங்குனி என்றால் பருத்தி வெடிக்கும், வேம்பு பூக்கும், நண்பகலில் நிலம் வாய் பிளக்கும், ஊர்தோறும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பர். இத்தகைய நிலத்தார்க்கு ஏற்ற வேனிற் கவிதை யாண்டுளது என்று வினவுவார்க்கு விடை தொலைவில் இல்லை. சிவகாசிக்கு மேற்கே, திருவில்லிபுத்தூரிலேயே உள்ளது.

கி.பி. 8 அல்லது 9 ஆம் நூற்றாண்டினர் என்று ஆராய்ச்சியாளர் கருதும் கோதை நாச்சியார் அருளியவை இரண்டு நூல்கள். முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவையை அறியாதார் இலர். மார்கழி வந்தால் சிறு குழந்தைகளும் ஓதுவர். மற்றொன்று 143 பாசுரங்கள் உடைய நாச்சியார் திருமொழி. அதன் பதினான்கு பதிகங்களுள் கனவில் நிகழ்ந்த திருமணத்தைச் சொல்லும் வாரணமாயிரம் மணவீடுகளில் ஒலிக்கிறது. ஏனைய பதின்மூன்றும் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்குகின்றன. இது பெருங்குறை என்றே சொல்லவேண்டும். வேனில் இருப்பது அந்த உறங்கும் பகுதியிலேதான்.

முதற் பதிகத்தைக் காண்க. தை மாதம் முழுதும் ஒரு பெண் தரையைத் துலக்கிக் கோலமிடுகிறாள். மாசி பிறந்ததும் நுண்மணல் கொண்டு தெருவை அணி செய்கிறாள். சுவரிலே காமனுடைய பெயரை எழுதி, அவனுடைய மீன்கொடியையும் கரும்பு வில்லையும் குதிரைகளையும் வரைகிறாள். நெல், கரும்பு, வெல்லக்கட்டி, அரிசி, அவல் ஆகியவற்றைப் படைக்கிறாள். தலைக்கு எண்ணெய் இல்லை, உணவு ஒருவேளைதான். வேனிலுக்கு இறைவனான காமன் வருகின்ற காலத்திற்குள் கண்ணனோடு தன்னைச் சேர்த்துவைக்கவேண்டும் என்பதே அவளது நோன்பு. இவற்றுள் கற்பனைச் சரக்கு எது? துடைப்பமும் கோலமாவும் அவலும் எந்த வீட்டில் இல்லை? பட்டியற் புலவர்க்கு வேனில் ஒரு காட்சி. கோதைக்கோ அது தவணை. நாள் நெருங்க நெருங்க நெஞ்சம் பதைக்கிறது.

வேண்டியது கிட்டாவிட்டால் பழி உனக்கே என்று காமனையே அச்சுறுத்துகிறாள். அவ்விடத்தில் அவள் வாயில் வரும் உவமை வியப்புக்குரியது. ஏர் உழுத எருதை நுகத்தடியால் இடித்து, தீனியும் போடாமல் விரட்டுவது போன்ற கொடுமை என்கிறாள். மலர்க்கணை தொடுக்கும் மன்மதன் எங்கே, பசித்த உழவு மாடு எங்கே! சித்திரையில் பொன்னேர் பூட்டும் கரிசற் குடியானவனுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. காதலின் வேதனையைச் சொல்லக் கோதை வானத்து மதியைத் தேடிச் செல்லாமல், தொழுவத்தைப் பார்த்தாள்.

இங்கே ஓர் ஐயம் எழும்; சிறிய ஐயமும் அன்று. திருமாலுக்கே உரியவள் வேறொரு தெய்வத்தை வணங்கலாமா? 13 ஆம் நூற்றாண்டினரான பெரியவாச்சான் பிள்ளை தம் உரையில் இதனை மூடி மறைத்தாரில்லை. அயோத்தி மக்கள் இராமன் பொருட்டு எல்லாத் தேவரையும் தொழுததை எடுத்துக்காட்டி, இது அன்பு முற்றிய ஆற்றாமையின் செயல் என்று அமைதி கூறினார். அவர் கூறியது சாலப் பொருத்தமே. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் எந்தக் கோயில் வாசலில் நிற்கவில்லை? கணக்குப் பார்க்கும் பக்தி ஒன்று உண்டு. கணக்கு மறந்த பக்தி ஒன்று உண்டு. பாட்டுப் பிறப்பது பின்னதில்தான்.

அடுத்த பதிகத்தில், பங்குனியில் காமனை எதிர்கொள்ளச் சிறுமியர் மணல்வீடு கட்டுகின்றனர். கண்ணன் வந்து சிதைக்கிறான். ஐந்தாம் பதிகம் குயிலோடு பேசுவது. அக்குயில் மரபுக் குயில் அன்று. தன் பெருமானை வரும்படி கூவினால், பாலும் இன்னடிசிலும் ஊட்டி வளர்த்த கிளியை அதற்குத் தோழியாக்கித் தருவதாகக் கோதை ஆசை காட்டுகிறாள். கூவாவிட்டால் சோலையை விட்டே துரத்திவிடுவதாகவும் சொல்கிறாள். அண்டைவீட்டாரோடு பேசும் பேச்சுத்தான் இது! பறவையிடம் இத்தனை உரிமையோடு பேசுவதற்கு அச்சோலையில் நாளும் நீர் வார்த்துப் பழகியிருக்க வேண்டும். தந்தையார் பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை தொடுத்தவர். குழந்தைக் கண்ணனை நீராட்டுவதையும் காது குத்துவதையும் குழல்வாரக் காக்கையை அழைப்பதையும் பாடியவர். வீட்டுப் பேச்சு வேதமாகலாம் என்பது மகளுக்கு அங்கே கிடைத்த சீதனம்.

தீப்பெட்டிக் கட்டை அடுக்கியும் பட்டாசுக்குத் திரி வைத்தும் வாழ்வோர் நிறைந்தது சிவகாசி வட்டாரம். இங்கே பாட்டு எழுத விழையும் இளைஞர் சிலர், தம் கைத்தொழிலின் சொற்கள் கவிதைக்கு ஆகா என்று எண்ணி, கண்டறியாத அன்னத்தையும் சந்திரகாந்தக் கல்லையும் தேடி அலைகின்றனர். எருதின் நுகத்தடிக்கு நாச்சியார் திருமொழியில் இடம் இருக்கும்போது, கட்டைக்கும் திரிக்கும் இடம் இல்லாமற் போகுமா?

இனி ஒன்பதாம் பதிகத்துச் செய்தி ஒன்று. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாகக் கோதை பாடினாள். வாயால் நேர்ந்தாள், செலுத்தியதாகப் பாட்டில் இல்லை. பின்னாளில் இராமானுசர் அந்நேர்ச்சையைத் தாம் செலுத்திவிட்டுத் திருவில்லிபுத்தூர் சேர்ந்தார் என்றும், நாச்சியார் அவரை ‘அண்ணா’ என்று எதிர்கொண்டாள் என்றும் வைணவ மரபு சொல்லும். அதனாலேயே அவர்க்குக் கோயில் அண்ணன் என்னும் பெயர் வழங்குகிறது. மார்கழி 27 ஆம் நாள், கூடாரவல்லியன்று, வைணவ இல்லங்களில் இன்றும் அடுப்பில் அக்காரவடிசில் ஏறுகிறது.