ஆட்டுக்குட்டி புகுந்த போர்க்களம்



இருவர் திரையில் நின்று குத்தியும் உதைத்தும் பொருதும் வீடியோ விளையாட்டென்றால் பெற்றோர் முகஞ் சுளிப்பது வழக்கம். ஆயினும் இன்று நான் கூறப் புகுவது அத்தகைய விளையாட்டொன்றின் வரலாறேயாம்.

அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ என்னும் பொம்மை நிறுவனத்தின் குதிரைக்குட்டிகளைக் கொண்டு, லோரன் ஃபௌஸ்ட் என்னும் அம்மையார் உருவாக்கிய கார்ட்டூன் தொடர் 2010ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சிறுமியர்க்கென எழுந்த அத்தொடரில் வளர்ந்தோர் பலரும் மனம் பறிகொடுத்தனர். அவர்களுட் சிலர் 'மேன் சிக்ஸ்' எனப் பெயர் பூண்டு, அக்குட்டிகள் பொருதும் விளையாட்டொன்றை ஊதியமின்றி ஆக்கலாயினர். 2013 பெப்ரவரியில் நிறுவனத்தின் தடைக் கடிதம் வந்தது. சட்டம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்தாள அன்பொன்றே உரிமையாகிவிடாது. எனினும் அவ்விளைஞர்பால் இரங்காதிருக்கவும் இயலவில்லை.

இந்நிலையில், அத்தொடரைப் படைத்த ஃபௌஸ்ட் அம்மையாரே புதிய பாத்திரங்களை வரைந்துதர முன்வந்தார்! கன்று, ஆட்டுக்குட்டி, கலைமான், அல்பாக்கா, ஒற்றைக்கொம்புக் குதிரை, சீனத்து நாகப்பரி என அறுவர் பிறந்தனர். 'ஸ்கல்கேர்ள்ஸ்' என்னும் விளையாட்டை ஆக்கியோர் தம் மென்பொருட் பொறியை வழங்கினர். 2015இல் பொதுமக்கள் ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் ஈந்தனர். 'தெம்ஸ் ஃபைட்டின் ஹெர்ட்ஸ்' என்னும் பெயருடன் 2020 ஏப்பிரல் 30ஆம் நாள் அது முழுமையாக வெளிவந்தது.

அதன் கவர்ச்சி யாது? நாற்கால் விலங்கிற்கு ஓங்கக் கையில்லை. ஆதலின் குளம்பும் கொம்பும் பின்னங்காலுமே படைக்கலம். கன்று கயிறு வீசி இழுக்கும்; அஞ்சி நடுங்கும் ஆட்டுக்குட்டியோ நாய்களை ஏவித் தான் பின்னிற்கும். தொலைவிலிருப்போர் இணையவழி மோதுகையில், எதிரியின் கட்டளை வந்துசேருமுன்னரே கணினி அதனை ஊகித்து ஆட்டத்தை நடத்தும். ஊகம் பிழைப்பின் கணப்பொழுதிற் பின்சென்று திருத்தும். தாமதம் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. இவ்வுத்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது.

இடர் அத்துடன் தீரவில்லை. 2020இல் ஈவோ என்னும் பெரும் போட்டியின் இணையவழி அரங்கில் இவ்விளையாட்டிற்கு இடங் கிடைத்தது. அமைப்பாளர் ஒருவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளால் அப்போட்டியே கைவிடப்பட்டது. பின்னர், அத்தியாயம் அத்தியாயமாய் வெளிவரவிருந்த கதைப் பகுதி தொடராதென 2023இல் அறிவித்தனர். பணம் ஈந்தோர் மனங் கசந்தமை இயல்பே. கதை குறையாய் நிற்பினும், இருவர் எதிரெதிர் நின்று பொருதும் களம் முழுமையாகவே எஞ்சியுள்ளது.