வயல் ஏரியான கதை

(வண்டூரில் கற்போர் கூட்டத்தில் பேசியது)



இது மாசி மாதம். இன்று காலை வண்டூருக்கு வரும் வழியில் சிப்பிகாட்டில் இறங்கினோம். ஏரி போலப் பரந்து கிடக்கும் நீரின் ஓரமாக நடந்தோம்.

அது முன்பு ஏரி அல்ல. நெல் விளைந்த வயல். 2004 டிசம்பர் 26 அன்று பெரிய பூகம்பம் வந்தது. சுனாமியும் வந்தது. தெற்கு அந்தமானில் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்ந்த வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. உழுதவர்கள் நிலத்தை இழந்தார்கள். அந்த நீரில் மீனும் நண்டும் புழுவும் பெருகின. அவற்றைத் தேடிப் பறவைகள் வந்தன.

இன்று என்ன பார்த்தோம்? பழுப்பு நிற வாத்துகளைப் பார்த்தோம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தது. அது அந்தமான் கிளுவை. அந்தமான் தீவுகளிலும் பக்கத்துக் கோக்கோ தீவுகளிலும்தான் அது வாழ்கிறது. மரப்பொந்தில் முட்டையிடும். பொந்துள்ள பழைய மரத்தை வெட்டினால் அதன் வீடு போய்விடும்.

சேற்றில் ஓடி ஓடி நின்ற சிறு பறவை உப்புக்கொத்தி. அதன் முதுகில் பொன் நிறப் புள்ளிகள் உண்டு. அது நம் விருந்தாளி. அதன் பிறந்த வீடு வடக்கே சைபீரியா. அங்கே இப்போது பனி மூடியிருக்கும். பனி உருகும் காலத்தில் அங்கே போய்க் குஞ்சு பொரிக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டும். அதற்காக இப்போது வயிறு நிறையத் தின்று உடம்பில் கொழுப்புச் சேர்க்கிறது. இந்த நேரத்தில் கல்லெறிந்து விரட்டலாமா? நாயை ஏவலாமா? பட்டினியோடு கிளம்பிய பறவை ஊர் போய்ச் சேருமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் கடலோரத்திலும் ஓடைகளிலும் உப்புநீர் முதலை உண்டு. மாலை இருட்டில் நீர் ஓரம் போகாதீர்கள். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் நீரில் கொட்டாதீர்கள். அந்த வாடைக்கு முதலை வரும். எச்சரிக்கைப் பலகை இருந்தால் நின்று படியுங்கள். படிக்கக் கற்றது உயிரையும் காக்கும்.

பறவையைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுங்கள். இன்று பார்த்த பறவைகளின் பெயரை எழுதுங்கள். தேதியையும் எழுதுங்கள். உப்புக்கொத்தி என்றைக்குக் கிளம்பியது, மழைக்காலத்தில் என்றைக்குத் திரும்பியது என்றும் குறித்து வையுங்கள். அடுத்த மாசியில் எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.