பிழையின் வேர்: விமானம் பழுது பார்ப்போர்க்கு ஒரு பாடம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் இந்த ராமகுப்பம் பகுதியிலே விமான தளம் ஒன்று அமைக்கும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருவதைத் தாங்கள் அறிவீர்கள். கிழக்கே ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையமும், மேற்கே தேவனஹள்ளியில் பெங்களூர் விமான நிலையமும் இருக்கின்றன. ஆதலின் நம் பிள்ளைகளுள் விமானம் பழுது பார்க்கும் கல்வியை நாடுவோரும் இருப்பர். அக்கல்வியில் இயந்திரம், மின்சாரம் ஆகியவற்றோடு 'மனிதக் காரணிகள்' என்னும் பாடமும் ஒன்று உண்டு. இயந்திரம் ஏன் பழுதாகிறது என்பதை மற்றப் பாடங்கள் கற்பிக்கின்றன. அதனைச் செப்பனிடும் மனிதன் ஏன் பிழை செய்கிறான் என்பதை இப்பாடம் கற்பிக்கிறது.

ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் எமக்கு விமானத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று சிலர் வினவலாம். தண்டவாளத்திலாயினும் வானத்திலாயினும் பிழை செய்பவன் ஒரே மனிதன்தான்; வேலை முடிந்ததென்று அவன் ஒப்பமிடும் பதிவேடும் ஒரே தன்மையதுதான். அந்த உரிமையைக் கொண்டே பேசத் துணிந்தோம்.

1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயின் நாட்டு மாலகாவிற்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. அது 17,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெயர்ந்து பறந்தது. உள்ளிருந்த காற்று வெளியே பாய்ந்த வேகத்தில் தலைமை விமானியின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பற்றிக்கொண்டு நிற்க, துணை விமானி சவுதாம்ப்டன் நகரில் விமானத்தை இறக்கினார். தலைமை விமானி உட்பட 87 பேரும் உயிர் பிழைத்தனர்.

அக்கண்ணாடி விபத்துக்கு முந்திய நாள் பின்னிரவில் புதிதாகப் பொருத்தப்பட்டதாகும். அதனை இறுக்கிய 90 போல்ட்டுகளுள் 84 போல்ட்டுகளின் பருமன், வேண்டியதைவிட ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் நாற்பதில் ஒரு பங்கு குறைவு. எஞ்சிய ஆறும் நீளத்தில் குறைந்தவை. இதனைக் கேட்டவுடன், 'எவனோ ஒரு சோம்பேறியின் வேலை' என்று கூறிவிடத் தோன்றும். உண்மை வேறு. பொருத்தியவர் அந்த இரவு ஷிப்டின் மேற்பார்வையாளர். நற்பெயர் பெற்ற அனுபவசாலி. ஆட்கள் போதாமையால் தாமே அவ்வேலையை ஏற்றுக்கொண்டவர்.

பிழை எவ்வாறு புகுந்தது என்பதைப் படிப்படியாகக் காண்போம். விடுமுறை கழித்து வந்த அவருக்கு அதுவே முதல் இரவு. வேலை நடந்ததோ, தூக்கம் மிகவும் அழுத்தும் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட நேரம். போல்ட்டின் எண்ணைப் புத்தகத்தில் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டை மாதிரியாக வைத்து அவர் ஒத்துப் பார்த்தார். அந்தப் பழைய போல்ட்டுகளே முன்னொருகால் தவறாகப் போடப்பட்டவை. எனினும் நான்காண்டுகள் தீங்கின்றி இருந்தமையால் அவற்றை ஐயுறக் காரணம் தோன்றவில்லை. இவ்விடத்திற்கு வேறு அளவு போல்ட்டு வேண்டும் என்று ஸ்டோர் ஊழியர் ஒருவர் கூறினார், ஆனால் வற்புறுத்தவில்லை. அங்கே போதிய போல்ட்டுகள் இல்லாமையால் மற்றொரு கிடங்கிற்குச் சென்று, மங்கிய விளக்கொளியில், சீட்டுகள் தெளிவாகத் தெரியாத பெட்டிகளிலிருந்து கண்ணளவாலேயே தேர்ந்தெடுத்தார். படிப்பதற்கு அணியும் மூக்குக் கண்ணாடியை அப்போது அணிந்திருக்கவில்லை. ஏறி நின்ற மேடையும் வாகாக இல்லை. எட்டிச் சாய்ந்து முடுக்கியமையால், போல்ட்டின் தலை குழியில் சரியாகப் படியாததை அவரால் காண இயலவில்லை. அவரே மேற்பார்வையாளர் ஆதலின் அவ்வேலையை இரண்டாம் மனிதர் எவரும் சோதிக்கவில்லை. அவ்வாறு சோதிக்க வேண்டுமென்ற விதியும் அவ்வேலைக்கு இல்லை.

அன்பர்களே, இவற்றுள் எந்த ஒன்று மாறியிருந்தாலும் அக்கண்ணாடி பெயர்ந்திருக்காது. அந்த ஒரு மனிதரைத் தண்டித்து வீட்டிற்கு அனுப்பியிருந்தாலும் மங்கிய விளக்கும் பொருந்தாத மேடையும் அங்கேயே இருந்திருக்கும். அடுத்த இரவு அங்கே நிற்கும் மற்றொரு நல்ல மனிதரும் அப்பிழையையே செய்திருக்கக்கூடும். மனிதக் காரணிகள் என்னும் பாடத்தின் உயிர்நாடி இதுவே.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1988 ஏப்ரல் 28-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் விமானம் ஒன்றின் மேற்கூரையில் ஒரு பெரும் பகுதி நடுவானிலே கிழிந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். 19 ஆண்டுகளில் 89,000 தடவைகளுக்கு மேல் பறந்திருந்த அவ்விமானத்தின் தகடுகளில் ஏற்பட்டிருந்த நுண்ணிய வெடிப்புகள் சோதனைகளில் பிடிபடவில்லை. ஆயிரக்கணக்கான ரிவெட்டு ஆணிகளை, பெரும்பாலும் இரவிலே, ஒவ்வொன்றாக உற்று நோக்கும் வேலையிலே கண் ஓய்ந்துவிடுவது இயல்பு. வியப்பு யாதெனில், விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் வெடிப்பைக் கண்டிருக்கிறார், எவரிடமும் கூறவில்லை! கண்டும் கூறாமை எவ்வளவு பெரிய கேடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1993-ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்த கார்டன் டுபாண்ட் என்பவர், பழுது பார்ப்போர் பிழைக்குக் காரணமாகும் பன்னிரண்டினைத் தொகுத்தளித்தார். செய்தியைத் தெளிவாகப் பரிமாறாமை, மெத்தனம், அறிவுக் குறைவு, கவனச் சிதறல், ஒத்துழைப்பின்மை, களைப்பு, பொருள் பற்றாக்குறை, நெருக்கடி, துணிந்து சொல்லாமை, மன உளைச்சல், விளைவை உணராமை, 'இங்கே எப்போதும் இப்படித்தான்' என்னும் வழக்கம் ஆகியவையே அவை. இன்று உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் இப்பட்டியல் கற்பிக்கப்படுகிறது. நம் நாட்டிலும் விமானம் பழுது பார்க்கும் பொறியாளர் உரிமம் பெறுவதற்குரிய தேர்வுகளில் மனிதக் காரணிகள் ஒரு தனித் தாளாகும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளின்படி, பழுதுபார்ப்பு நிறுவனங்களில் பணிபுரிவோர் இப்பயிற்சியைப் பெறுவதோடு, குறித்த கால இடைவெளியில் மீண்டும் பெறுதல் வேண்டும்.

அவ்வகுப்பில் கற்பிக்கப்படுபவை எளியவையே. வேலையின் இடையே எவரேனும் அழைத்துச் சென்று திரும்பினால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் மூன்று படிகள் பின்சென்று தொடங்குக. ஷிப்டு மாறும்போது முடியாத வேலையை எழுத்தாலும் நேர்ப்பேச்சாலும் ஒப்படைக்க. கருவிகளை, அவற்றின் உருவம் தீட்டிய பலகையில் மாட்டுக. ஒன்று விமானத்தினுள் தங்கிவிட்டால் வெற்றுருவமே காட்டிக் கொடுக்கும். கண்ணால் காணாத வேலைக்கு ஒப்பமிடாதிருக்க. தூக்கம் வந்தால் வருகிறது என்று கூறுக. ஜப்பானிய ரயில்வே ஊழியர் சிக்னலை விரலால் சுட்டி வாய்விட்டுக் கூறுவதும், நம் ரயில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இப்பாடம் விமானத்திற்கு மட்டும் உரியதன்று. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசா மாநிலத்தின் பஹாநாகா பஜார் நிலையத்தில் பச்சை விளக்கைக் கண்டு நேர்ப்பாதையில் செல்ல வேண்டியது, கிளைப்பாதையில் புகுந்து நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதியது. 290-க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. சிக்னல் மின்சுற்றில் முன்னர்ச் செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட்டு ஒன்றிற்காக அன்று நடந்த வேலையிலும் குறைகள் நேர்ந்தன என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டறிந்தார். ஓராண்டிற்கு முன், 2022 மே 16-ஆம் நாள், அதே தென்கிழக்கு ரயில்வேயில் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில் தவறான கம்பி இணைப்பால் இதே போன்ற நிகழ்ச்சி உயிர்ச்சேதமின்றி நிகழ்ந்ததையும், அன்றே அதனைத் திருத்தியிருப்பின் இவ்விபத்து நேர்ந்திராது என்பதையும் அவர் அறிக்கை எடுத்துக் கூறிற்று. சிறு பிழை நமக்கு அனுப்பும் கடிதம் போன்றது. அதனைப் பிரித்துப் படியாதார்க்குப் பெருவிபத்தே அடுத்த கடிதமாக வருகிறது.

எனின், சிறு பிழை வெளிவருவதைத் தடுப்பது யாது? அச்சமே. உண்மையைக் கூறியவனுக்கு முதற்பரிசு குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்றால், அடுத்த முறை யார் வாய் திறப்பர்? வேண்டுமென்றே விதியை மீறியவனையும், குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனையும் தண்டித்தல் முறையே. உழைத்துக் களைத்துத் தவறிய ஒருவன் தானே முன்வந்து கூறும்போது, அவனுக்கு இரங்கி, அவன் கூறியதைக் கொண்டு வேலையிடத்தைத் திருத்துவதே அறிவுடைமை. ஆதலின் இவ்வகுப்பிலே தொழிலாளி மட்டும் அமர்ந்தால் போதாது. 'காலையில் வண்டி வெளியே போயாக வேண்டும்' என்று ஆணையிடும் மேலதிகாரியும் அமர வேண்டும். விளக்கும் மேடையும் ஆளும் தர வேண்டியவர் அவரல்லரோ?

திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சியிலும் பெருமிதத்திலும் கடமையை மறவாதிருத்தலே அதன் பொருள். நேற்றுவரை தீங்கு நேரவில்லை என்னும் நிறைவே இன்றைய மறதிக்கு வித்து என்பதை, பழைய போல்ட்டை நம்பிய அந்த மேற்பார்வையாளரின் கதை காட்டுகிறது. அரசர்க்குக் கூறிய அவ்வறம் இன்று ஸ்பேனர் பிடிக்கும் கைக்கும் உரியதாகிவிட்டது.

இளைஞர்களே! நாளை உங்களுள் ஒருவர் இப்பக்கத்து விமான நிலையம் ஒன்றில் பின்னிரவு மூன்று மணிக்குத் தனியே நிற்கக்கூடும். அவ்வேளையில், 'எனக்கு ஐயமாக இருக்கிறது; இன்னொருவர் வந்து பார்க்கட்டும்' என்று கூறும் துணிவு உங்களுக்கு உண்டாகுக. பெரியோர்களே! அவ்வாறு கூறும் பிள்ளையைக் கோழை என்று எள்ளாத உள்ளம் நமக்கு உண்டாகுக. முகமறியாத பல நூறு பயணிகளின் உயிர் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது.