இரண்டு பேர், இரண்டு நாள், திருப்புலி நாடு

(நமது சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் சொன்னார். வங்கியில் 36 வருஷம் கிளார்க்காக இருந்தவன் எழுந்து நின்றால் டெபாசிட் வட்டியைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது அடுத்த கூட்டத்துக்கு. இன்றைக்கு ஒரு பயணக் கதை.

நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நமக்குச் சனிக்கிழமை காலை, அவர்களுக்கு வெள்ளி சாயங்காலம். போன் போட்டால் காரில் இருப்பார்கள். "ரெண்டு நாள் சும்மா வெளியில போறோம்ப்பா." எங்கே என்றால் சின்சினாட்டி, பிட்ஸ்பர்க் என்று நடுத்தரமான ஓர் ஊர். ஆற்றோரம் நடப்பார்கள், ஒரு பாலத்தைப் பார்ப்பார்கள், நல்ல ஹோட்டலில் சாப்பிடுவார்கள், ஞாயிறு ராத்திரி வீடு. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, வேண்டுதல் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். சும்மா!

இந்த "சும்மா" நம் தலைமுறைக்குப் பழக்கமில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி 37 வருஷம். எல்.எஃப்.சி.யில் காசி, டெல்லி, சிம்லா எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் கூட அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு தடவை சித்தப்பா குடும்பம். என் மனைவி புளியோதரை மூட்டையோடுதான் ரயில் ஏறுவாள். நாங்கள் இருவர் மட்டும், காரியம் எதுவும் இல்லாமல், எங்கும் போனதில்லை. மகன்தான் பிடித்துத் தள்ளினான். "எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்று அவன் கிண்டலாகக் கேட்டான். நாங்கள் நிஜமாகவே ஒரு நாட்டுக்குப் போனோம். திருப்புலி நாடு.

பாஸ்போர்ட் வேண்டாம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கிறது. அந்த மலை மேல் 14 ஊராட்சிகள், ஒவ்வொன்றின் பெயரும் நாடு என்று முடியும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, இப்படி. பழைய காலத்து ஆட்சிப் பிரிவின் பெயர் மலை மேல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பஸ் போர்டிலும் ரேஷன் கடைப் பலகையிலும் "நாடு" என்று படித்துக்கொண்டே போவது ஒரு தமாஷ்தான்.

போகும் வழி சொல்கிறேன். வெள்ளி இரவு சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் சேலம். அந்த ரயிலில் போயும் ஏற்காட்டுக்குப் போகாத ஆட்கள் நாங்கள்தான் என்று என் மனைவி சொன்னாள். சேலத்தில் டிபன் முடித்து, வாடகைக் காரில் ராசிபுரம், சந்தைக்குப் பேர்போன பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். இந்த மலைக்குப் போகும் அரசுப் பேருந்துகளே கொஞ்சம் நீளம் குறைந்தவைதான், திரும்ப வேண்டுமே. தலைசுற்றல் உள்ளவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், முன் சீட்டில் உட்காருங்கள். நாங்கள் 30-ஆவது வளைவில் நிறுத்தி ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு மறுபடி ஏறினோம்.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர்தான், குளிர் மிதமானது. ஏரியைச் சுற்றிக் குதிரை சவாரி, சாக்லேட் கடை வரிசை எல்லாம் கிடையாது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காப்பிச் செடி. வாழை, பலா, அன்னாசி, பள்ளத்தில் நெல். அங்குள்ள மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் பழங்குடியினர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அறை கொடுத்த குடும்பமும் அவர்கள்தான். வீட்டை ஒட்டி இரண்டு அறை, சுத்தமான குளியலறை, வெளியில் ஒரு திண்ணை.

முதல் நாள் அறப்பளீஸ்வரர் கோவில். அப்பரும் சம்பந்தரும் பாட்டில் குறிப்பிட்ட தலம். அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் பள்ளியில் படித்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், அந்த அறப்பளீசுரர் இவர்தான். கோவிலிலிருந்துதான் ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. அய்யாறு சுமார் 300 அடியிலிருந்து விழுகிறது. படிகள் ஆயிரத்துக்கு மேல், செங்குத்து. இறங்குவது பெரிதில்லை, ஏற வேண்டும்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். "நீங்க போய்ட்டு வாங்க, நான் கோவில்ல உக்காந்திருக்கேன்" என்றாள். நம் வீடுகளில் எந்தப் பயணத்திலும் இந்த வசனம் வரும், கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் பார்த்துவிட்டு வருவார், ஒருவர் பையைப் பார்த்துக்கொள்வார். இரண்டு பேராகப் போனது அதற்கா? நான் இறங்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு மாசிலா அருவிக்குப் போனோம். சின்ன அருவிதான், ஆனால் அதிகம் இறங்க வேண்டாம். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மூட்டு நன்றாக இருப்பவர்கள் ஆகாய கங்கைக்குத் தாராளமாகப் போகலாம். மழைக்காலத்தில் மட்டும் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இதய நோய் உள்ளவர்கள் வீராப்பு காட்ட வேண்டாம்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலையை ஆண்டவர். ஆடி 17, 18-இல் அரசே விழா எடுக்கிறது. அப்போது கூட்டம் நெரியும். நம் வயதுக்காரர்கள் அந்தத் தேதியைத் தவிர்க்கலாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அந்த வீட்டம்மா சாமைச் சோறு ஆக்கி, மிளகு ரசம் வைத்திருந்தார். நன்றாக இருந்தது. "தினமும் இதுதானாம்மா?" என்று என் மனைவி கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். "எங்கம்மா, நாங்க ரேசன் அரிசிதான். இது உங்கள மாதிரி வர்றவங்களுக்கு."

நம் கீழ்க் கடையில் சாமையைத் தேடி வாங்குகிறோம், சர்க்கரைக்கு நல்லது என்று. அது விளைகிற மலையில் ரேஷன் அரிசி. காரணம் கேட்டால் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. சாமை, கேழ்வரகு, தினை போட்ட நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு வந்துவிட்டது. கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, கிழங்குக்குக் கைமேல் காசு. சாமையை உமி நீக்கப் பெண்கள் உரலில் மணிக்கணக்காகக் குத்த வேண்டும். அந்த உழைப்புக்கு எந்தப் பேரேட்டில் பற்று எழுதினார்கள்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து, சிறு அரைவை இயந்திரங்கள் வைத்து, பெண்கள் குழுக்கள் மூலம் சிறுதானியம் விற்க ஏற்பாடு செய்தது. அப்படியும் முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே போகிறவர்கள் சாமை, மிளகு, தேன் எதுவானாலும் விளைவித்தவர் கையில் காசு கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். வாடகைக் காருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு மிளகுக்குப் பத்து ரூபாய் குறைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

இரண்டாம் நாள் காலையிலிருந்தே மஞ்சு மூடிவிட்டது. சேலூர் பக்கம் காட்சி முனைக்குப் போகும் திட்டம் இருந்தது. எதிர் மரமே தெரியாதபோது காட்சியாவது, முனையாவது! மின்சாரமும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்துக்குப் பிறகு என் மனைவி பேச ஆரம்பித்தாள். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

1990-இல் அவளுக்கு அஞ்சல் துறையில் வேலைக்கான உத்தரவு வந்தது. அதே மாதம் எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல், மகனுக்கு எட்டு மாதம். அவள் சேரவில்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், அந்த உத்தரவில் இருந்த ஊர், சேர வேண்டிய தேதி, சம்பள விகிதம் எல்லாம் அவளுக்கு இன்னும் மனப்பாடம் என்பது. குறையாகச் சொல்லவில்லை. சேர்ந்திருந்தால் முதலில் எந்த கவுன்ட்டரில் போட்டிருப்பார்கள், இத்தனை வருஷத்தில் எத்தனை மணியார்டர் எழுதியிருப்பாள் என்று தானே ஓட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரைக்கும் பேச்சு வேறெங்கும் போகவில்லை. 35 வருஷமாக வீட்டில் வராத பேச்சு. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், காலிங் பெல் அடிக்கும், எட்டு மணிக்கு சீரியல் வரும்.

செலவுக் கணக்கைச் சொல்லாவிட்டால் என்னை வங்கிக்காரன் என்று நம்ப மாட்டீர்கள். ரயில், கார், அறை, சாப்பாடு, வாங்கிவந்த மிளகு எல்லாம் சேர்த்து இருவருக்கு 12,000 ரூபாய்க்குள். ஏ.டி.எம். செம்மேட்டில் இருக்கிறது, ஆனால் அதை நம்பாதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபேயும் வேலை செய்யாது. நூறு ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டாக எடுத்துப் போங்கள். மாத்திரைகளை இரண்டு நாளுக்கு இல்லாமல் நாலு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து நம் வாட்ச்மேன் ரூம் பக்கத்துத் தொட்டியில் போடுங்கள்.

மூத்த குடிமக்களுக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, அது பெரிய வருத்தம். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இன்னும் இருக்கிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. வெள்ளி இரவு வண்டிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.