சிங்கப்பூர்ப் பயணத்துக்கு ஒரு பெட்டி



வெளிநாட்டுப் பயணம் என்று முடிவாகிவிட்டால், வீட்டிலே முதன்முதல் எழுகின்ற வாக்குவாதம் பெட்டியைப் பற்றியதாகவே இருக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்பதிலே கணவனுக்கும் மனைவிக்கும் ஒற்றுமை ஏற்படுவது அருமை. சிங்கப்பூருக்குச் செல்பவர் தமது பெட்டியில் வைக்கத்தக்கவை எவை, வைக்கத்தகாதவை எவை என்பது பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

வெப்பமான நகரங்கள் உலகிற் பல உண்டு. அவற்றுள் சிங்கப்பூரைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், நம்மவர்க்கும் அந்நகருக்கும் உள்ள பழந்தொடர்பே. மலாயாவில் முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதனை அடுத்து வந்த காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் எழுதுவினைஞராகவும், நில அளவையாளராகவும், புகையிரத நிலைய அதிபராகவும் அத்திசை நோக்கிக் கப்பலேறினர். 1910இல் சிங்கப்பூரிலே இலங்கைத் தமிழர் சங்கம் அமைந்தது. கத்தோங் பகுதியில், இலங்கையின் பழைய பெயரையே தாங்கிய சிலோன் வீதியில், அவர்கள் வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் இன்றும் உள்ளது. அன்று உத்தியோகத்துக்குச் சென்றனர். இன்று மகனைப் பார்க்கத் தந்தையும், பேரப்பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துணையாக அம்மம்மாவும் செல்கின்றனர். அப்படிச் செல்லும் முதியோரை மனத்திற் கொண்டே பேசுகின்றேன்.

"நமது ஊர் வெயிலைக் கண்டவர்க்குச் சிங்கப்பூர் வெயில் ஒரு பொருட்டா?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அங்கே பகலில் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரை செல்லும். இரவில் 23 முதல் 25 பாகை வரை இறங்கும். இவ்வெண்கள் எவரையும் அச்சுறுத்தமாட்டா. ஆனால், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீற்றர் தூரத்தில், கடல் சூழ அமைந்த அத்தீவிலே காற்றின் ஈரப்பதன் ஆண்டுச் சராசரியில் 82 வீதம். விடியற்காலையிலே அது 90 வீதத்தையும் தாண்டும். வெப்பத்தைவிட இந்த ஈரமே உடலுக்குச் சோதனை.

நமது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையினால் அன்று, வியர்வை ஆவியாவதினால். ஒரு லீற்றர் வியர்வை முற்றாக ஆவியாகுமாயின் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுசெல்லும். அதே வியர்வை துளித்துளியாக நிலத்தில் வடிந்துவிட்டால் அதனாற் பயன் சிறிதுமில்லை. உடலிலிருந்த நீரும் உப்பும் போனதே மிச்சம். கச்சான் காற்று வீசும் காலத்தில் வவுனியாவிலே கொடியிற் போட்ட வேட்டி சொற்ப நேரத்தில் உலர்ந்துவிடும். சிங்கப்பூரில் மழைநாளொன்றில் அதே வேட்டி மறுநாட் காலையிலும் தண்ணென்றிருக்கும். வேட்டிக்கு நேர்வதே உடுத்தவரின் தோலுக்கும் நேர்கின்றது. கொழும்பிலே நெடுங்காலம் வாழ்ந்தவர்க்கு இது புதிதன்று. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து நேரே செல்பவர் இதனை அறிந்து பெட்டியை அடுக்க வேண்டும்.

ஆகவே, எந்த உடையையும் பெட்டியில் வைக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரவிலே துவைத்துப் போட்டால், வீட்டுக்குள்ளேயே, காற்றாடியின் கீழ், காலைக்குள் இது உலருமா? உலருமாயின் வையுங்கள். அந்நகர மக்களிற் பெரும்பாலோர் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள். துணி உலர்த்துவதற்கு நம்முடைய முற்றம் போன்ற இடம் அங்கே கிடையாது. மூங்கிற் கழியிலே துணியைக் கோத்துச் சன்னலுக்கு வெளியே நீட்டிவைக்கும் வழக்கம் உண்டு. எதிர்பாராத மழை வந்தால் அதுவும் நனைந்துபோம்.

பருத்தியா, செயற்கை நூலா என்ற விவாதம் முடிவில்லாதது. பருத்தி இழை சாதாரண காற்றிலேயே தன் நிறையில் ஏறத்தாழ 8 வீதம் ஈரத்தைத் தன்னுள்ளே கொள்ளும். பொலியெஸ்ரர் அரை வீதமும் கொள்ளாது. அதனாலேதான் செயற்கைத் துணி விரைவில் உலர்கின்றது. அதனாலேதான் பலருக்கு அது தோலில் ஒட்டி எரிச்சலும் தருகின்றது. எனது தீர்ப்பு மெல்லிய, தளர்ந்த பருத்திக்கே. தடித்த பருத்தி வேண்டாம். டெனிம் காற்சட்டை அங்கே ஈரச் சாக்குப் போலாகிவிடும். பெண்களுக்கு வாயில் சேலை நான்கு போதும். காஞ்சிபுரப் பட்டு கல்யாணம் ஒன்று உண்டானால் ஒன்று. இல்லையேல் அலுமாரியிலேயே இருக்கட்டும். ஆண்களுக்கு இரண்டு வேட்டி, நான்கு அரைக்கைச் சட்டை, இரண்டு சாரம்.

சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அதனை உடுக்கலாம், போர்த்தலாம், விரித்துப் படுக்கலாம், துவாய் இல்லாத வேளையில் துடைத்துக்கொள்ளலாம், பேரப்பிள்ளைக்கு ஏணையும் கட்டலாம். மலாய் மக்களும் நம்மவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே இதிற் கருத்தொருமித்திருக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இப்பிரதேசங்களுக்கு வந்த வெள்ளையரோ வாந்திபேதி வராமற் காக்கும் என்று நம்பி வயிற்றிலே கம்பளிப் பட்டி கட்டிக்கொண்டனர். தலையிலே நெட்டித் தொப்பி. சூரியனைப் பகைவனாகக் கருதிப் படைக்கலம் பூண்டு வந்தவர் போலும்! உள்ளூர் மனிதன் உடுத்திருந்ததைப் பார்க்க அவர்களுக்கு நெடுங்காலம் சென்றது.

இனி மழை. 1991 முதல் 2020 வரையான கணக்கின்படி சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி மழை 2,113 மில்லிமீற்றர். மழை பெய்யும் நாட்கள் 171. ஆண்டிலே ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஒரு நாள் மழை என்று வைத்துக்கொள்ளலாம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களிலே அடைமழையும் உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடியுடன் கொட்டும். சுமாத்திராப் பக்கத்திலிருந்து கிளம்பும் புயற்காற்று மழை சில நாட்களில் விடியுமுன்னரே வந்து கதவைத் தட்டும். மழையங்கி கொண்டுசெல்ல வேண்டுவதில்லை, அதற்குள்ளே வெந்துபோவீர்கள். கைப்பையில் அடங்கும் மடக்குக் குடை ஒன்று போதும். அதுவே வெயிலுக்கும் ஆகும். நகரத்தின் பழைய கடைத்தெருக்களிலே மேலும் ஓர் உதவி உண்டு. கடை வாயிலின் முன்னே வழிப்போக்கர் நனையாமல் நடப்பதற்குக் கூரையிட்ட நடைபாதை விடவேண்டும் என்று 1822இல் ராஃபிள்ஸ் விதித்தார். ஐந்தடிப் பாதை என்று பெயர் பெற்ற அது, இருநூறாண்டு கழிந்தும் மக்களைக் காத்து வருகின்றது. அதன் தளத்திலே பதித்த ஓடுகள் மழையில் வழுக்கும். அடி தேய்ந்த செருப்பை வீட்டில் விட்டு, பிடிப்புள்ள இறப்பர் அடிச் செருப்பை அணிந்து செல்லுங்கள். தோற் சப்பாத்து பத்து நாள் மூலையிற் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இத்தனை சொன்ன பின் ஒரு போர்வையையும் வையுங்கள் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் முதியோர் பெட்டியில் முதலில் வைக்கத்தக்கது மெல்லிய கம்பளிச் சால்வையும் ஒரு சோடி காலுறையும்தான். அந்நகரிலே புகையிரதம், பேருந்து, கடைத்தொகுதி, நூலகம், வைத்தியசாலை யாவும் குளிரூட்டப்பட்டவை. வெளியிலே வியர்வையில் தோய்ந்த சட்டையுடன் உள்ளே நுழைந்தால், வெளியில் உலர மறுத்த அதே வியர்வை உள்ளே வறண்ட குளிர்காற்றில் விரைந்து உலரத் தொடங்கும். நடுக்கம் அப்போதுதான் வரும். சளியும் மூட்டுவலியும் உள்ளவர்க்கு ஒரு நாளில் ஆறேழு முறை இவ்வாறு மாறி மாறி நேர்வது இலேசான காரியமன்று. பெட்டியின் அடியிலே அகப்பட்ட சால்வையாற் பயனில்லை. அது எந்நேரமும் தோளிலோ பையிலோ இருத்தல் வேண்டும்.

வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் பையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை அங்கே அப்படியே குடிக்கலாம். புகையிரதத்தினுள் மட்டும் உண்பதும் பருகுவதும் குற்றம், தண்ணீருக்கும் விலக்கில்லை. ஏறுமுன்னரே குடித்துக்கொள்க.

மருந்துகள் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது மருந்துக்கடைகளிலே குளிசைகளை எண்ணிச் சிறு கடதாசி உறைகளில் இட்டு, மேலே காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதித் தருவது வழக்கம். இவ்வுறைகளுடன் விமானமேறுதல் கூடாது. ஈரக்காற்றில் குளிசை இளகும் என்பது ஒன்று. எந்த அதிகாரிக்கும் அது என்ன குளிசை என்று விளங்காது என்பது மற்றொன்று. கம்பனியின் உறையுடனேயே வாங்கி, வைத்தியர் எழுதிய துண்டின் பிரதியையும் சேர்த்து வையுங்கள். சொந்தப் பாவனைக்கு மூன்று மாதத்துக்குரிய அளவு வரை கொண்டுசெல்லலாம். ஆனால் நித்திரைக் குளிசைகள் சிலவற்றுக்கும், கொடெயின் கலந்த இருமல், வலி மருந்துகள் சிலவற்றுக்கும் முன்னதாகவே அங்குள்ள சுகாதார அதிகாரசபையின் அனுமதி பெறவேண்டியிருக்கும். அம்மம்மா வழக்கமாக இரவில் எடுக்கும் அரைக் குளிசை எத்தகையது என்று வைத்தியரைக் கேட்டறிவது பிள்ளைகளின் கடமை. இன்சுலின் கைப்பையிலேயே செல்ல வேண்டும். விமானத்தின் அடியிலே ஏற்றும் பெட்டியில் வைத்தால் உறைந்து பழுதாகக்கூடும். ஆஸ்துமா உள்ளவர் உறிஞ்சு மருந்தை மறவாதிருக்க வேண்டும். சுமாத்திராக் காடுகள் எரியும் ஆண்டுகளில், 2013இலும் 2015இலும் நேர்ந்தது போல, புகைமூட்டம் அந்நகரை மூடுவதுண்டு.

இனி விட்டுச் செல்ல வேண்டியவை. வெற்றிலை போடும் பெரியவர்கள் மனம் வருந்தக்கூடாது: மெல்லும் புகையிலை அந்நாட்டினுள் செல்லாது. சுருட்டுக்கு வரிச்சலுகை கிடையாது. ஒன்றே ஒன்றானாலும் சுங்கத்திலே சொல்லி வரி செலுத்த வேண்டும். மின்சிகரெட் முற்றாகத் தடை. சூயிங்கம் இறக்குமதி 1992இல் தடுக்கப்பட்டது. கசகசாவைச் சமையற் பொருள் என்று எண்ணி வைத்துவிடாதீர்கள். அபினிச் செடியின் விதை அது. ஒடியல், பனங்கட்டி, வறுத்த மிளகாய்த்தூள் முதலியன பிள்ளைகளுக்கென்று எடுத்துச் செல்வதைத் தடுக்க யாராலும் முடியாது. நான் முயலப் போவதுமில்லை. காற்றுப் புகாத உறையில், இரட்டையாகக் கட்டி வைத்தால் நல்லது. கட்டாவிட்டால் தூள் கட்டிபடும், சேலையும் மணக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து நமது உபகார குணத்திலே இருக்கின்றது. பயணம் என்று கேள்விப்பட்டதும் அயலவர் வருவார். அயலவரின் அயலவரும் வருவார். "இந்தச் சிறு பார்சலை என் மருமகனிடம் சேர்த்துவிடுங்கள்" என்பார். கட்டி ஒட்டிய பார்சலைப் பிரிக்கச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. சிங்கப்பூரின் சட்டத்திலே 15 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை உண்டு. பையை வைத்திருந்தவர் அதனுள் இருந்த பொருளையும் வைத்திருந்தவரே, அது இன்னதென்று அறிந்தவரே என்றுதான் அச்சட்டம் முதலில் அனுமானிக்கும். அறியாதிருந்தேன் என்று நிரூபிக்கும் பாரம் பயணியின் தலையிலே விழும். மொழி தெரியாத நாட்டில், அறுபத்தைந்து வயதில், அந்தப் பாரத்தை யார் சுமப்பது? பொருளை வெளிப்படையாகக் கொடுத்தால், உங்கள் கண்முன்னே நீங்களே கட்டி வையுங்கள். மூடிய பார்சலாயின் உறவினர் தந்தாலும் மறுத்துவிடுங்கள். "பெட்டியில் நிறை கூடிவிட்டது" என்ற மறுமொழி எல்லாருக்கும் விளங்கும், மனக்கசப்பும் குறைவு.

உண்மையிலேயே நிறை கூடாமற் பார்த்துக்கொள்வதும் அவசியமே. சுமை தூக்குபவர்க்கு வியர்வை இரட்டிப்பாகும். சவர்க்காரம், பற்பசை, துவாய் எதுவும் இங்கிருந்து சுமக்க வேண்டுவதில்லை. சிராங்கூன் வீதியின் இரு பக்கமும் நம்மவர் கடைகள்; நல்லெண்ணெய் முதல் விபூதி வரை கிடைக்கும். புதிய சதுரமுனை மின்செருகி நம் நாட்டினதும் அவர்களதும் ஒன்றே. பழைய உருண்டை முனைச் செருகியாயின் மாற்றி ஒன்று வேண்டும். பிள்ளையின் வீட்டு விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கடதாசியில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். கைத்தொலைபேசியின் மின்கலம் இறங்கிய வேளையில் அக்கடதாசியே பேசும். மணிக்கூட்டை இரண்டரை மணி நேரம் முன்னே திருப்பிக்கொள்க.

பெட்டியிலே மூன்றிலொரு பங்கு வெறுமையாக இருக்குமாயின் நல்லது. திரும்பி வரும்போது பிள்ளைகள் அதனை நிரப்பாமல் விடப்போவதில்லை.