சிங்கப்பூரிலிருந்து தக்குவாபா வரை: இரண்டு எல்லை தாண்டும் கடற்கரைப் பயணம்

சிங்கப்பூரில் காரை எடுத்து, மேற்கு மலேசியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து, தாய்லாந்தின் அந்தமான் கரையில் போய் இறங்கும் பயணம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். வழியில் எல்லைகள் இரண்டு, நாணயங்கள் மூன்று. மூன்று நாடுகளிலும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுவதால் ஓட்டுபவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. திட்டமிடும்போது தீர்மானிக்க வேண்டியவை மூன்று: எந்த மாதம், என்னென்ன ஆவணங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்.

மாதத்தைக் கடல்தான் முடிவு செய்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கரையில் நேராக மோதும். அலை உயரும், தீவுப் படகுகள் குறையும். சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பயணிகளுக்கு மூடப்படுகின்றன. நவம்பரில் இந்தக் கரை தெளியத் தொடங்கும்போது கிழக்குப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும். வழியில் உள்ள ஹட்யாய் நகரம் 2010 நவம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது அப்படித்தான். கடலும் சாலையும் ஒருசேர ஒத்துழைக்கும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அதிலும் சீனப் புத்தாண்டு, ஏப்ரல் நடுவில் வரும் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்கிரான், பள்ளி விடுமுறைகள் ஆகிய நாட்களில் எல்லையில் வண்டிகள் மணிக்கணக்கில் காத்து நிற்கும்.

ஆவண வேலை புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்குகிறது. சிங்கப்பூர்ப் பதிவு பெற்ற கார்கள் மலேசியாவுக்குள் நுழைய, அந்நாட்டின் வாகன நுழைவு அனுமதி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். சுங்கச்சாவடிகளுக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது பெட்ரோல் கலம் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் சட்டம். மலேசியாவில் வெளிநாட்டு எண்பலகை கொண்ட கார்களுக்கு மானிய விலை ரோன் 95 பெட்ரோல் விற்கப்படுவதில்லை. ரோன் 97 வாங்கலாம். ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல் குறைவு. ஆசியான் நாடுகள் 1985-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு நாட்டின் உரிமத்தை மற்ற நாடுகளும் ஏற்கின்றன.

பலர் கவனிக்கத் தவறுவது காப்புறுதி. சிங்கப்பூரின் வழக்கமான கார் காப்புறுதி மேற்கு மலேசியா முழுவதையும், தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் தூரத்தையும் மட்டுமே உள்ளடக்கும். ஹட்யாய் அந்த வட்டத்துக்குள் அடங்கும், அதற்கு அப்பால் மூன்றாம் நாள் சேரும் கிராபி அடங்காது. ஆகவே காப்புறுதியை நீட்டித்துக்கொள்வதும், தாய்லாந்தின் கட்டாய வாகனக் காப்புறுதியைத் தனியே வாங்குவதும் அவசியம். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். இவற்றோடு தாய்லாந்தின் மின்னிலக்க வருகை அட்டையையும் பயணிகள் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

நான்கு நாட்களாகப் பிரித்தால் பயணம் அலுப்பூட்டாது. முதல் நாள் ஈப்போ வரை, சுமார் 550 கிலோமீட்டர். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசல் மிகுந்தால், 1998-இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் இணைப்பு மாற்று வழி. அக்கரையில் தொடங்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை தாய்லாந்து எல்லை வரை நீள்கிறது. வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 110 கிலோமீட்டர். ஆயர் குரோ, தாப்பா போன்ற ஓய்வு நிலையங்களில் உணவும் தொழுகை அறையும் பெட்ரோலும் கிடைக்கும். செம்பனைத் தோட்டங்கள் பின்னால் போய், செங்குத்தான சுண்ணாம்புக்கல் குன்றுகள் எழுந்தால் ஈப்போ வந்துவிட்டது.

இரண்டாம் நாள் ஹட்யாய் வரை 330 கிலோமீட்டர் அளவே என்பதால், கெடா மாநிலத்தில் நின்று பார்க்க நேரம் மிஞ்சும். சுங்கை பட்டாணிக்கு அருகே, 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பழங்காலக் கோயில் அடித்தளங்களும் ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இந்தப் பகுதியே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர்.

வயல்வெளிகளைத் தாண்டினால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை, மறுபுறம் சடாவ். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதால், சாவடி மூடும் நேரத்தைக் கணக்கிடும்போது அது எந்த நாட்டு நேரம் என்று கவனிக்க வேண்டும். சுங்கத்துறை காரைத் தற்காலிக இறக்குமதியாகப் பதிந்து தரும் தாளைத் திரும்பும்வரை பத்திரப்படுத்துவது முக்கியம். வெளியேறும்போது அதைக் கேட்பார்கள். பாதுகாப்பு எச்சரிக்கை உள்ள பட்டாணி, யாலா, நாராதிவாட் மாநிலங்கள் கிழக்கே ஒதுங்கியிருக்கின்றன. இந்தப் பாதை அவற்றைத் தொடுவதில்லை.

எல்லையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே சாலை: பெட்காசெம் என்னும் 4-ஆம் எண் நெடுஞ்சாலை. பாங்காக்கில் தொடங்கி சடாவில் முடியும் அதில், பயணி தலைகீழாகப் போகிறார். மூன்றாம் நாள் பாட்டலுங்கைக் கடந்து, மலை வளைவுகளில் ஏறி இறங்கி, திராங்கின் ரப்பர் தோட்டங்கள் வழியே கிராபி. அதற்குச் சற்று முன்னே சாலையோரம் குளோங்தோம். பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் அங்கே கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கிராபியின் ஆவ் நாங் கடற்கரையிலிருந்து ரைலே கடற்கரைக்குப் படகில்தான் போக முடியும். பாறைச் சுவர்கள் தரைவழியை அடைத்து நிற்கின்றன.

நான்காம் நாள் பாங்ஙா வளைகுடாவைச் சுற்றி, மேற்கே திறந்த கடல். காவ் லாக்கின் நீண்ட மணற்கரை. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை, தாய்லாந்தில் மிகக் கடுமையாகத் தாக்கிய இடம் இது. அலை ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தூக்கி எறிந்த 813 எண் காவல் ரோந்துப் படகு, நினைவுச் சின்னமாக இன்றும் தரையில் நிற்கிறது.

அங்கிருந்து சிறிது வடக்கே தக்குவாபா. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இங்கே கண்டெடுக்கப்பட்டது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பை ஏற்ற மணிக்கிராம வணிகரையும் அது குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். தக்குவாபாவில் கிடைத்த திருமால் சிற்பங்கள் புக்கெட்டின் தலாங் அருங்காட்சியகத்தில் உள்ளன; திரும்பும் வழியில் ஒரு நாள் கூடுதலாக வைத்தால் அவற்றையும் காணலாம்.