பதினொன்றாம் வகுப்பு எங்கே போனது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டடத் துறையைப் பற்றிப் பேசும்படிதான் சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் பள்ளிக்கூட டைம்டேபிளைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறியியல் கல்லூரியில் இந்தப் பேச்சு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இங்கே முதலாண்டில் விழுகிற அரியர்களில் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எந்தப் பள்ளிக்கும் இரண்டு பாடத்திட்டங்கள் உண்டு. ஒன்று, அரசு அச்சிட்டுத் தரும் புத்தகம். இன்னொன்று, தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணை. எதைக் கற்பிக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். எதைக் கற்பிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

நான் படித்தது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. திங்கட்கிழமை காலையில் கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறளும் அதன் பொருளும், செய்தி வாசிப்பு. அப்புறம் வகுப்பு. நாளுக்கு 8 பீரியட், வாரத்துக்கு 40. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் 7. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 5. மீதி இரண்டில் ஒன்று விளையாட்டு, ஒன்று நூலகம். அந்த இரண்டையும் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார். கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை! ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 11-ஆம் வகுப்பில் எங்களுக்கு 11-ஆம் வகுப்புப் பாடம்தான் நடந்தது.

2008-ல் இந்தக் கல்லூரி விடுதிக்கு வந்த பிறகுதான், எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். என் அறைத் தோழர்களில் இருவர் தனியார் உறைவிடப் பள்ளியில் படித்து வந்தவர்கள். அவர்களுடைய டைம்டேபிளே வேறு. விடிகாலை நாலரைக்கு மணியடிக்கும். குளித்து முடித்ததும் படிப்பு, பகலில் வகுப்பு, தினம் ஒரு டெஸ்ட், இரவு பத்து மணி வரை மறுபடியும் படிப்பு. விளையாட்டு பீரியட் என்பது அட்டவணையிலேயே கிடையாது. 11-ஆம் வகுப்புப் புத்தகத்தைச் சில வாரங்களில் புரட்டிவிட்டு, 12-ஆம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவிட்டார்களாம். ஒரே புத்தகத்தை ஏறக்குறைய இரண்டு வருஷம் படித்திருக்கிறார்கள்.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய பி.யூ.சி. போய் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்ததிலிருந்து, பொதுத்தேர்வு 12-ஆம் வகுப்பு முடிவில் மட்டுமே இருந்தது. 1200 மதிப்பெண்ணும் அந்த ஒரு வருஷப் பாடத்துக்குத்தான். 2007-ல் பொறியியல் நுழைவுத் தேர்வும் எடுக்கப்பட்ட பிறகு, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு இடம் தந்தார்கள். அந்தக் கணக்கில் 11-ஆம் வகுப்புக்கு ஒரு மார்க்கும் இல்லை. கால் மார்க்கில் இடம் கை நழுவிப்போகும் என்றால் பெற்றோரும்தான் என்ன செய்வார்கள்? நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்த்தவர்கள் உண்டு.

ஆனால் போனது என்ன? நியூட்டன் விதிகள், உராய்வு, வெக்டர், முக்கோணவியல், வகையிடலின் ஆரம்பம் இவையெல்லாம் 11-ஆம் வகுப்பில் இருந்தன. முதலாண்டு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் இவற்றின்மேல்தான் நிற்கிறது. கணிதத்தில் 200-க்கு 198 எடுத்த என் அறைத் தோழன், ஒரு சாய்தளத்தில் இருக்கும் கட்டையின்மேல் எந்தெந்த விசையை வரைவது என்று தெரியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனுக்குச் சேர வேண்டிய ஒரு வருஷத்தை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான். மூன்று செமஸ்டர் அரியரோடு போராடித்தான் அவன் கரையேறினான்.

நான் சைட்டில் வேலை பார்க்கிறவன். காங்கிரீட் போட்ட 7-ஆம் நாள் கியூபை உடைத்துப் பார்த்தால் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும். முழுக் கணக்குக்கு 28-ஆம் நாள் வரை பொறுக்க வேண்டும். இடையில் கியூரிங்குக்குத் தண்ணீர் விடாமல் விட்டால், மேலே பூசி மறைக்கலாம். பாரம் ஏறும்போது தெரிந்துவிடும்.

இந்த நிலையை மாற்றத்தான் 2017-18 கல்வியாண்டில் 11-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 என்பது 600 ஆனது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வழிகாட்ட, 2018-19 முதல் புதிய பாடநூல்களும் வந்தன. 11-ஆம் வகுப்பு வகுப்பறைக்குத் திரும்பியது. கூடவே 10, 11, 12 என்று தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வுச் சுமையும் பிள்ளைகள் தலையில் ஏறியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தேர்வு என்கிற காவல்காரர் போன பிறகு, 11-ஆம் வகுப்பை யார் காப்பது?

நாம்தான் காக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் பலர் இப்போது பெற்றோர்கள். பிள்ளையை மேல்நிலையில் சேர்க்கும்போது ரிசல்ட் போர்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். 12-ஆம் வகுப்புப் புத்தகத்தை எந்த மாதம் எடுப்பீர்கள்? லேபில் பிள்ளைகள் தாங்களே கருவியைத் தொட்டுச் செய்வது வாரத்துக்கு எத்தனை பீரியட்? விளையாட்டும் நூலகமும் அட்டவணையில் மட்டும் இருக்கின்றனவா, உண்மையிலேயே நடக்கின்றனவா? பதில் கிடைத்தாலும், நடுவில் ஒருநாள் பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள். எந்தப் பாடம் எந்தத் தேதியில் நடந்தது என்று அதில் இருக்கும்.

தம்பி தங்கைகளே, உங்களில் யாருக்காவது அந்த ஒரு வருஷம் கிடைக்காமல் போயிருந்தால் கூச்சப்பட வேண்டாம். "சார், இது எங்களுக்கு நடத்தவில்லை" என்று எழுந்து சொல்லுங்கள். 11-ஆம் வகுப்புப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வெக்டர், முக்கோணவியல், வகையிடல், நியூட்டன் விதிகள் இந்த நான்கை மட்டும் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களுக்கு, ஆரம்ப மாதங்களின் சனிக்கிழமைகளில், முன்னாள் மாணவர்களே இந்த 11-ஆம் வகுப்புப் பாடங்களை நடத்த ஏற்பாடு செய்யலாம். ஒரு வகுப்பறையும் ஒரு கரும்பலகையும் போதும். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.